வரிசை காலியானதை யார் சொல்ல வேண்டும்?

லினக்ஸ் கெர்னலில் பேக்கெட் ஷெட்யூலர்கள் இருக்கும் இடம் நெட்/ஷெட் என்ற டைரக்டரி. அங்கே வரும் மெமரி பிழைகளைப் படிப்பதும், முடிந்தால் திருத்துவதும் எனக்கு மிகவும் பிடித்த வேலை. 2022க்குப் பிறகு அந்த ஒரே டைரக்டரியிலிருந்து வந்த யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ பிழைகள், அதாவது விடுவித்துவிட்ட மெமரியை மறுபடி தொடும் பிழைகள், கணிசமானவை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டே போனால், க்ராஷ் ஆகும் வரியில் பெரும்பாலும் தவறு இருப்பதில்லை என்பது புரிய ஆரம்பிக்கும். அந்த வரி நம்பிய ஒரு விஷயத்தை வேறொரு கோப்பில் இருக்கும் வேறொரு ஷெட்யூலர் காப்பாற்றாமல் விட்டிருக்கும். இரண்டு கோப்புகளையும் தனித்தனியே படித்தால் இரண்டும் சரியாகவே தோன்றும். அதனால்தான் இவை பத்து, இருபது ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்திருக்கின்றன. அவசரமாகப் போட்ட திருத்தங்கள் சில மாதங்களில் மறுபடி உடைந்ததற்கும் அதுதான் காரணம்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். கணினியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பேக்கெட்டும் நெட்வொர்க் கார்டைத் தொடும் முன் ஒரு வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையை நடத்துவது க்யூடிஸ்க். எளிய க்யூடிஸ்க், முதலில் வந்ததை முதலில் அனுப்பும். கோடெல் போன்ற ஒன்று, பேக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து, காத்திருப்பு நீண்டுகொண்டே போனால் சிலவற்றைக் கைவிடும். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட யோசனை அது. அதே ஆண்டு லினக்ஸ் 3.5இல் சேர்ந்துவிட்டது. இவற்றுக்கு மேலே வகுப்புகள் கொண்ட க்யூடிஸ்க்குகள் இருக்கின்றன: எச்டிபி, எச்எஃப்எஸ்சி, டிஆர்ஆர், க்யூஎஃப்க்யூ, இடிஎஸ். வீடியோ அழைப்புக்கு இவ்வளவு, பேக்கப்புக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பது இவற்றின் வேலை. ஒவ்வொரு வகுப்பின் அடியிலும் இன்னொரு க்யூடிஸ்க்கைச் செருகலாம். அதன் அடியில் வேறொன்றைச் செருகலாம். எந்தப் பெற்றோருக்குக் கீழே எந்தக் குழந்தை என்பதில் கிட்டத்தட்ட எந்தத் தடையும் கிடையாது.

1990களின் பிற்பகுதியில் அலெக்ஸி குஸ்னெத்சோவ் எழுதிய அடித்தளம் இது. இந்தச் சுதந்திரம்தான் இதன் பலம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். இதை எழுதியபோது யாரும் யோசித்திருக்க முடியாத ஷெட்யூலர்கள் பின்னாளில் அதே என்க்யூ (வரிசையில் சேர்), டிக்யூ (வரிசையிலிருந்து எடு), பீக் (அடுத்தது எது என்று பார்) என்ற சில ஃபங்ஷன்களை வைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அந்த ஃபங்ஷன்கள் சரியாக என்ன வாக்குறுதி தருகின்றன என்று ஒரே இடத்தில் எழுதிவைக்கப்படவில்லை. ஒவ்வொரு ஷெட்யூலரை எழுதியவரும் பழைய கோடைப் பார்த்துத் தானே ஊகித்துக்கொண்டார். ஊகங்கள் ஒத்துப்போகாத இடங்களில், மெமரியில் ஓர் இடத்தைக் காட்டும் பாயிண்டர்கள் அந்த இடம் விடுவிக்கப்பட்ட பிறகும் தொங்குகின்றன.

எந்தப் பாயிண்டர்? பெற்றோர் ஷெட்யூலர் எப்போதும் தன் எல்லா வகுப்புகளையும் சுற்றிப் பார்ப்பதில்லை. அனுப்பப் பேக்கெட் வைத்திருக்கும் வகுப்புகளை மட்டும் தனியாக ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளும். டிஆர்ஆரில் அது லிங்க்ட் லிஸ்ட். எச்எஃப்எஸ்சியில் சிவப்பு-கருப்பு மரங்கள். காலியாக இருந்த குழந்தைக்கு முதல் பேக்கெட் வந்தால் வகுப்பு பட்டியலில் ஏறும். கடைசிப் பேக்கெட் போனால் இறங்கும். வகுப்பை அழிக்கும்போது அது பட்டியலில் இல்லை என்ற நம்பிக்கையில் மெமரி விடுவிக்கப்படும். அந்த நம்பிக்கை பொய்யானால், அடுத்த டிக்யூ விடுவிக்கப்பட்ட மெமரியைத் தொடும். கிட்டத்தட்ட எல்லா நெட்/ஷெட் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ கதைகளும் இந்த ஏற்ற இறக்கத்தில் ஏதோ ஒரு படி தவறியதால் வந்தவை.

இதில் முக்கியமான எண் க்யூலென், அதாவது வரிசையில் எத்தனை பேக்கெட் இருக்கிறது என்ற கணக்கு. குழந்தைக்கு ஒரு க்யூலென், பெற்றோருக்கு ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று. கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவு இது. ஒருவர் புத்தகத்தில் எழுதாமல் கல்லாவைத் தொட்டால், பிறகு புத்தகத்தைப் பார்த்து எடுக்கும் எல்லா முடிவும் தப்பாகும். பெற்றோர் கேட்டுக் கொடுக்கும் பேக்கெட்டை இரு தரப்பும் அறியும். ஆனால் கோடெல் போன்ற குழந்தை டிக்யூவின் நடுவே தானாகச் சில பேக்கெட்டைக் கைவிட்டால் பெற்றோருக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: க்யூடிஸ்க் ட்ரீ ரெட்யூஸ் பேக்லாக். குழந்தை அதைக் கூப்பிட்டால், அது இந்தப் பெற்றோர்-குழந்தை மரத்தில் மேலே ஏறி ஒவ்வொரு மூதாதையின் கணக்கையும் குறைக்கும். குழந்தை முழுக்கக் காலியாகிவிட்டால், "உன் இந்த வகுப்பு காலி" என்று க்யூலென் நோட்டிஃபை மூலம் பெற்றோரிடம் சொல்லும். பெற்றோர் வகுப்பைப் பட்டியலிலிருந்து இறக்கும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்த வரிகள் கோடெல்லின் டிக்யூ ஃபங்ஷனுக்குள் இருந்த ஒரு கமென்ட். நம் க்யூலென் பூஜ்யமாக இருந்தால் மேலே தகவல் சொல்லக் கூடாது, சொன்னால் எச்டிபி க்ராஷ் ஆகிவிடும், அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைப்போம் என்பது அதன் சாரம். அதையொட்டி ஒரு சிறிய நிபந்தனை: க்யூலென் பூஜ்யமில்லாவிட்டால் மட்டும் ரெட்யூஸ் பேக்லாக்கைக் கூப்பிடு. கோடெல்லை உள்ளே வைத்திருக்கும் எஃப்க்யூ-கோடெல் என்ற க்யூடிஸ்க்கிலும் இதே.

அந்த நிபந்தனை ஏன் தேவைப்பட்டது என்று பாருங்கள். எச்டிபி தன் குழந்தையிடம் டிக்யூ கேட்கிறது. குழந்தை உள்ளே சில பேக்கெட்டைக் கைவிட்டு, கடைசி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டது, வரிசை காலி. இந்த நொடியில் மேலே தகவல் சொன்னால் எச்டிபி வகுப்பை இறக்கிவிடும். அப்புறம் குழந்தை பேக்கெட்டைத் திருப்பிக் கொடுத்ததும், எச்டிபி தன் வழக்கப்படி "குழந்தை காலியா? ஆமாம்" என்று பார்த்து அதே வகுப்பை இரண்டாவது முறை இறக்கப் பார்க்கும். இல்லாத இடத்திலிருந்து இறக்கினால் க்ராஷ். பெற்றோரின் குறைக்குக் குழந்தையின் கோடில் கட்டுப்போட்டார்கள். அன்று அது நியாயமான முடிவு, எச்டிபி பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. சில சமயம் குழந்தை காலியாகும், பெற்றோருக்குச் சொல்லாது. "அடுத்த சுற்று" வருவதற்குள் யாராவது அந்த வகுப்பை அழித்தால்?

இதற்கு இன்னொரு துணைக் காரணம் பீக். பெயரைக் கேட்டால் எட்டிப் பார்ப்பது, எதையும் மாற்றாதது என்று தோன்றும். நிஜத்தில் கோடெல் போன்ற பல க்யூடிஸ்க்குகளால் அடுத்து எது வரும் என்று எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதனால் பீக்குக்குள் டிக்யூவே ஓடுகிறது. கிடைத்த பேக்கெட் ஓரமாக வைக்கப்பட்டு, கணக்கில் மறுபடி சேர்க்கப்படுகிறது. டிக்யூ ஓடினால் கோடெல் பேக்கெட்டைக் கைவிடலாம். ஆக எட்டிப் பார்த்ததாலேயே வரிசை காலியாகலாம்.

எச்எஃப்எஸ்சியில் ஒரு வகுப்பின் அமைப்பை மாற்றும் ஃபங்ஷன் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. அது முதலில் குழந்தையின் க்யூலென் பூஜ்யமில்லை என்று உறுதி செய்தது. பிறகு அடுத்த பேக்கெட்டின் நீளத்தை அறிய பீக் செய்தது. பிறகு வகுப்பை மரத்தில் ஏற்றியது. பீக்கிலேயே வரிசை காலியாகியிருந்தால், காலியான வகுப்பு மரத்தில் ஏறியிருக்கும். அதை இறக்க இனி எந்த நிகழ்வும் வராது. பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரப்படும் சிவிஇ எண்களில் சிவிஇ-2025-37797 என்று பதிவான பிழை இது. உடனடித் திருத்தம் மிகச் சிறியது: பீக்கை முடித்துவிட்டு க்யூலென்னை மறுபடி பார்.

ஆனால் 2025 ஏப்ரலில் வந்த இன்னொரு திருத்த வரிசைதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக நல்ல வேலைகளில் ஒன்று. அதில் கோடெல்லின் அந்தப் பழைய நிபந்தனையை எடுத்தே விட்டார்கள். எடுக்கும் முன், எச்டிபி, டிஆர்ஆர், எச்எஃப்எஸ்சி, க்யூஎஃப்க்யூ, இடிஎஸ் ஆகிய ஐந்து பெற்றோர்களின் க்யூலென் நோட்டிஃபையையும், எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரே விளைவு தரும்படி மாற்றினார்கள். எச்டிபியில், வகுப்பு ஏற்கெனவே செயலில் இல்லையென்றால் சும்மா திரும்பிவிடு. டிஆர்ஆரில், லிஸ்ட்டிலிருந்து எடுக்கும்போது கணுவைத் தன்னையே காட்டும்படி மீட்டுவை, அப்போதுதான் இரண்டாவது முறை எடுத்தாலும் எதுவும் உடையாது. எச்எஃப்எஸ்சியில், மரத்தில் இருக்கிறதா என்று கணுவையே கேட்டுவிட்டு எடு. ஒவ்வொன்றும் சில வரிகள்தான். ஐந்தும் உள்ளே போன பிறகுதான் கோடெல் நிபந்தனை நீங்கியது. இந்த வரிசை மாறியிருந்தால் நடுவில் ஏதோ ஒரு கமிட்டில் எச்டிபி மறுபடி க்ராஷ் ஆகியிருக்கும். பிழை எந்த மாற்றத்தில் வந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் செய்பவர்களும், ஸ்டேபிள் கெர்னலுக்குப் பேட்சுகளைப் (திருத்தங்களை) பொறுக்கி எடுப்பவர்களும் அதில் சிக்கியிருப்பார்கள்.

2012இல் ஒரு குழந்தை மௌனமாக இருக்கச் சொல்லி எழுதப்பட்ட கமென்ட்டுக்கு, 13 ஆண்டுகள் கழித்து பெற்றோர் பக்கத்தில் பதில் கிடைத்தது. கோடைப் படிக்கும்போது "இப்படிச் செய்யாவிட்டால் இன்னொருவர் உடைவார்" என்ற வகைக் கமென்ட்டைப் பார்த்தால் நான் இப்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறேன். அது ஒரு திறந்த பிழை அறிக்கை.

குறுக்கு வழித் திருத்தம் எப்படித் தோற்கிறது என்பதற்கு அதே 2025இலேயே நெட்எம் ஒரு பாடம். நெட்எம் சோதனைக்கான க்யூடிஸ்க். தாமதம், இழப்பு, நகல் என்று மோசமான நெட்வொர்க்கை நடிக்கும். நகல் எடுக்கச் சொன்னால், அது இரண்டாவது பிரதியைத் தன் வரிசையிலேயே போடாமல் மரத்தின் உச்சியிலிருக்கும் க்யூடிஸ்க்கிடம் கொடுக்கிறது. அதாவது எச்எஃப்எஸ்சியின் என்க்யூ பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே எச்எஃப்எஸ்சியின் என்க்யூ மறுபடி முதலிலிருந்து ஓடும். எச்எஃப்எஸ்சி ஆரம்பத்தில் "குழந்தை காலியா?" என்று பார்த்து விடையை ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்கிறது. உள்ளே நடந்த இரண்டாவது ஓட்டமும் காலி என்றே பார்த்து வகுப்பை மரத்தில் ஏற்றிவிடுகிறது. வெளியே வந்ததும் முதல் ஓட்டம் தன் பழைய விடையை நம்பி அதே வகுப்பை இன்னொரு முறை ஏற்றுகிறது. ஒரே கணு ஒரு மரத்தில் இரண்டு முறை.

முதல் திருத்தம், செயலில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தது. அந்த எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் மட்டும் ஏற்று. நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் எச்எஃப்எஸ்சியில் ஒரு வகுப்புக்கு இரண்டு விதமான வளைவுகள் தரலாம்: நேரக் கெடுவுக்கான ரியல்-டைம் வளைவு, பங்கு பிரிப்புக்கான லிங்க்-ஷேர் வளைவு. அந்த எண்ணிக்கை லிங்க்-ஷேர் உள்ள வகுப்புகளுக்கு மட்டுமே ஏறும். ரியல்-டைம் மட்டும் உள்ள வகுப்பில் அது எப்போதும் பூஜ்யம். ஆகவே சோதனை அங்கே எதையும் தடுக்கவில்லை. அந்தப் பாதையில் அதே பிழை மறுபடி வந்தது, புதிய சிவிஇ எண்ணோடு. இரண்டாவது திருத்தம்தான் கேட்க வேண்டிய கேள்வியை நேராகக் கேட்டது: இந்த வகுப்பு இரண்டு மரங்களில் ஏதாவதொன்றில் இப்போது இருக்கிறதா?

இந்த இரண்டு பேட்சுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மரத்தில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மரத்தைக் கேட்க வேண்டும். வேறு காரணத்துக்காக வைத்திருக்கும் ஒரு எண்ணிக்கையை அதற்குச் சாட்சியாக வைத்தால், அந்த எண்ணிக்கையும் மரமும் பிரியும் ஏதோ ஒரு அமைப்பு நிச்சயம் இருக்கும். பிழையைத் தாக்குதலாக மாற்றும் எக்ஸ்ப்ளாய்ட் எழுதுபவர் தேடுவதும் அந்த அமைப்பைத்தான். பின்னர் 2025 ஜூலையில் நெட்எமின் பக்கமும் தொடப்பட்டது: நகல் எடுக்கும் நெட்எம் இருக்கும் மரத்தில் இன்னொரு நெட்எம் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. இரண்டு நெட்எம்கள் ஒன்றுக்கொன்று நகல்களை உச்சிக்கு அனுப்பிக்கொண்டு முடிவில்லாமல் சுழலும் வாய்ப்பு அதோடு அடைபட்டது.

இப்படிப்பட்ட தடைகள் எனக்கு எப்போதும் கொஞ்சம் கவலை தருபவை. காரணம் எச்எஃப்எஸ்சியின் 2023 கதை. சிவிஇ-2023-4623. லிங்க்-ஷேர் வளைவு உள்ள ஒரு வகுப்பை, அது இல்லாத ஒரு பெற்றோர் வகுப்பின் கீழ் வைத்தால், மரத்தில் ஏற்றும் ஃபங்ஷன் மேலே போகும் வழியில் அந்தப் பெற்றோரையும் ஏற்றிவிடும். இறக்கும் ஃபங்ஷனோ, லிங்க்-ஷேர் இல்லாத வகுப்பு என்று பார்த்து அந்தப் பெற்றோரைத் தாண்டிப் போய்விடும். ஏற்றியவர் ஒரு விதியும், இறக்கியவர் வேறொரு விதியும் பின்பற்றியிருக்கிறார்கள். பெற்றோரை அழித்த பிறகும் அதற்கு மேலுள்ள வகுப்பின் மரத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். பிழை எந்த மாற்றத்தில் வந்தது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரி, இந்தத் திருத்தத்தில் லினக்ஸ் 2.6.12-ஆர்சி2வைக் காட்டியது. அது 2005 ஏப்ரல். மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் கெர்னலின் வரலாறே அங்கேதான் தொடங்குகிறது. பிழை அதற்கும் முன்பே இருந்தது என்று பொருள்.

முதல் திருத்தம், இப்படிப்பட்ட அமைப்பையே மறுத்தது: உள்வகுப்புக்கு லிங்க்-ஷேர் வளைவு இல்லாவிட்டால் பிழை என்று திருப்பி அனுப்பு. பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் குறையில்லை. ஆனால் அப்படிப்பட்ட அமைப்பைப் பல காலமாகச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். கெர்னலை அப்டேட் செய்ததும் அவர்களின் ஸ்கிரிப்டுகள் நின்றன. லினக்ஸ் கெர்னலில் பயனரின் வேலையை உடைக்காதே என்பது முதன்மையான விதி. ஆகவே விரைவிலேயே இன்னொரு பேட்ச் வந்தது: ரியல்-டைம் மட்டும் உள்ள வகுப்பின் கீழ் குழந்தை வந்தால், அதை மறுக்காதே, அந்தப் பெற்றோரின் ரியல்-டைம் வளைவையே லிங்க்-ஷேர் வளைவாகவும் எடுத்துக்கொண்டு, இரண்டும் உள்ள வகுப்பாக உயர்த்திவிடு. மரத்தில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே விதிக்கு வந்துவிட்டன, ஸ்கிரிப்டுகளும் ஓடின. சில வரிகள்தான். பிழையை அடைப்பதையும் பயனரைக் காப்பதையும் ஒன்றாகச் செய்த இந்த வகைத் திருத்தம்தான் நான் எழுத விரும்புவது.

க்யூஎஃப்க்யூவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் ஒரு பிழை எல்லை மீறல்: அதிகபட்ச பேக்கெட் அளவைப் பயனர் தராவிட்டால், டிவைஸ் ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அளவான எம்டியுவிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயனர் தந்த எண்ணைச் சரிபார்த்தார்கள். எம்டியுவிலிருந்து வந்த எண்ணைச் சரிபார்க்கவில்லை. கணினி தன்னோடு தானே பேசப் பயன்படுத்தும் லூப்பேக் டிவைஸுக்கு மிகப் பெரிய எம்டியு வைக்கலாம். அப்புறம் ஒரு அரேயின் எல்லைக்கு வெளியே எழுத்து. இன்னொன்று பிளக் என்ற க்யூடிஸ்க்கோடு சேர்ந்து வந்தது: பிளக் அடைத்து வைத்திருக்கும்போதும் அதன் பீக் "பேக்கெட் இருக்கிறது" என்றது, டிக்யூ "இல்லை" என்றது. பீக் ஆம் என்றால் டிக்யூவும் ஆம் என்றே சொல்லும் என்று க்யூஎஃப்க்யூ நம்பியிருந்தது. மறுபடியும் எழுதப்படாத ஒப்பந்தம்.

ஃபில்டர்கள் பக்கம் பிழைகள் வேறு வடிவம் எடுக்கின்றன. பேக்கெட்டை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்று சொல்பவை ஃபில்டர்கள். ஒரு ஃபில்டர் ஒரு வகுப்போடு கட்டப்பட்டிருக்கும்போது அந்த வகுப்பின் கவுன்ட், அதாவது அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண், ஏறியிருக்க வேண்டும். சிஎல்எஸ்-எஃப்டபிள்யூ, சிஎல்எஸ்-யு32 என்ற இரண்டு ஃபில்டர்களிலும் 2023இல் ஒரே தவறு கண்டுபிடிக்கப்பட்டது. கட்டும் வேலை முதலில், தோற்கக்கூடிய இன்னொரு சோதனை பிறகு. அந்தச் சோதனை தோற்றால் ஃபங்ஷன் பிழையோடு திரும்பும், கவுன்ட்டில் செய்த மாற்றம் அப்படியே நிற்கும். தேவையான தடவை இதைச் செய்தால், இன்னும் பயன்பாட்டில் இருக்கும் வகுப்பை விடுவிக்க வைக்கலாம். திருத்தம் வரிகளை இடம் மாற்றியதுதான்: தோற்கக்கூடியதெல்லாம் முன்னால், தோற்காதது பின்னால். சி மொழியில் இதற்கு மேல் நல்ல பழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. பிழை வழிகளை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை என்பதால் இவை அங்கேயே தூங்குகின்றன.

இதெல்லாம் ரூட் உரிமை உள்ளவர் மட்டுமே தொடக்கூடிய இடம்தானே, ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பார்கள். 2013இல் வந்த 3.8 கெர்னலோடு நிலைமை மாறிவிட்டது. அதிலிருந்து சாதாரணப் பயனரும் யூசர் நேம்ஸ்பேஸ், அதாவது உள்ளே மட்டும் தான் ரூட்டாக இருக்கும் தனி வெளி, உருவாக்கலாம். அதற்குள் தனக்கென்று ஒரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் வைத்து, அங்கே நெட்வொர்க் நிர்வாகியாகலாம். அவருக்கு இயந்திரத்தின் உண்மையான கார்டு கிடைக்காது, ஆனால் லூப்பேக்கும், க்யூடிஸ்க்குகளை அமைக்கும் டிசி கட்டளையும் கிடைக்கும். அது போதும். நேம்ஸ்பேஸ் தனி, கெர்னல் ஒன்று; அங்கே விடுவிக்கப்பட்ட மெமரி எல்லோருடைய மெமரி. கெர்னல் பிழைகளைத் தாக்கிக் காட்டுபவர்களுக்குக் கூகுள் நடத்தும் கெர்னல்சிடிஎஃப் பரிசுத் திட்டத்தில் நெட்/ஷெட் பிழைகள் பலமுறை வந்ததற்குக் காரணம் இதுதான். உபுண்டு 24.04இலிருந்து சாதாரணப் பயனரின் யூசர் நேம்ஸ்பேஸ்களை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பின் மூலம் கட்டுப்படுத்துகிறது. நல்ல தடுப்பு; ஆனால் பிழை அதற்குள் அப்படியேதான் இருக்கிறது, கன்டெய்னர்களும் பிரவுசர் சாண்ட்பாக்ஸ்களும் நேம்ஸ்பேஸ்களை நம்பித்தான் வாழ்கின்றன.

திருத்தும் வேலை நாளுக்கு நாள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் கேசான் அறிக்கையோடு தொடங்கும். 2015இல் 4.0 கெர்னலில் சேர்ந்த இந்தக் கருவி, ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்துக்கொண்டு, விடுவிக்கப்பட்ட மெமரியைத் தொட்டால் உடனே கத்தும். அறிக்கையில் மூன்று ஸ்டாக் இருக்கும்: தொட்டது எங்கே, ஒதுக்கியது எங்கே, விடுவித்தது எங்கே. புதிதாக வருபவர்கள் முதல் ஸ்டாக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் மூன்றாவதிலிருந்து தொடங்குவேன். விடுவித்த அந்த நொடியில், இந்த வகுப்பு எந்தெந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம்? ஒவ்வொன்றிலிருந்தும் அதை எடுத்திருக்க வேண்டியவர் யார்? அவர் ஏன் எடுக்கவில்லை? நான்காவது ஸ்டாக் ஒன்று இருக்கிறது, கேசான் அதைக் காட்டுவதில்லை: நடக்கத் தவறிய அழைப்பு. அதைத்தான் கையால் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்தது, பிழையை மறுபடி வரவழைக்கும் சில டிசி கட்டளைகள். கெர்னலைத் தானாகச் சோதிக்கும் சிஸ்பாட் தரும் ரீப்ரொட்யூசர் (பிழையை வரவழைக்கும் நிரல்) பெரும்பாலும் நீளமாகவும் தேவையற்ற அழைப்புகளோடும் இருக்கும். அதை உரித்து உரித்து, ஒரு பெற்றோர், ஒரு குழந்தை, இரண்டு பேக்கெட், ஒரு டெலீட் என்ற அளவுக்குக் கொண்டுவரும்போது பாதி விடை கிடைத்துவிடும். சில பிழைகள் இப்படி உரிக்கவே இடம் தராது. ப்ரியோ க்யூடிஸ்க்கின் கீழ் எஸ்எஃப்க்யூ என்ற க்யூடிஸ்க் இருந்தபோது வந்த ரேஸ், அதாவது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதுவதால் வரும் பிழை, அப்படிப்பட்டது. ப்ரியோ லாக்கைப் பிடித்து, அகற்றப் போகும் குழந்தையின் கணக்கை மேலே கழித்துவிட்டு, லாக்கை விட்டது. குழந்தையின் பேக்கெட்டுகள் இன்னும் அதற்குள்ளேயே இருந்தன. உண்மையில் அழிப்பதற்குள் எஸ்எஃப்க்யூவின் டைமர் எழுந்து, சில பேக்கெட்டைக் கைவிட்டு, கழித்ததையே மறுபடி கழித்தது. பெற்றோரின் க்யூலென் பூஜ்யத்துக்குக் கீழே போனது. திருத்தத்தில் லாக்கை விடும் முன்பே குழந்தையை முழுக்கக் காலிசெய்துவிட்டார்கள். டைமர் வந்து பார்த்தாலும் தொட எதுவும் இருக்காது.

சில இடங்களில் சிறந்த திருத்தம் அழிப்பதுதான். 2023இல் சிபிக்யூ, டிஎஸ்மார்க், ஏடிஎம் க்யூடிஸ்க்குகளும், டிசிஇண்டெக்ஸ், ஆர்எஸ்விபி ஃபில்டர்களும் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டன. டிசிஇண்டெக்ஸின் உள்ளமைப்பு, பேட்ச் போடப் போடப் புதிய பிழை தரும் நிலைக்கு வந்திருந்தது. பயன்படுத்துபவர் யாரும் இல்லாத, பராமரிப்பவரும் இல்லாத கோட், தாக்குபவருக்கு மட்டும் பயன்படுகிறது. யாரோ உழைத்து எழுதியது என்ற மரியாதையோடே அதை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

மெமரிப் பிழைகளைத் தடுக்க வடிவமைத்த ரஸ்ட் மொழியில் எழுதினால் தீருமா என்ற கேள்வி எப்போதும் வரும். ரஸ்ட் ஆதரவு 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலிலிருந்து இருக்கிறது. ஒரே கணுவை இரண்டு முறை ஏற்றுவதை டைப்பின் மூலமே தடுக்கும் லிஸ்ட்டை அதில் எழுத முடியும், விடுவித்ததைத் தொடுவது தடைபடும். அது பெரிய ஆதாயம், நான் வரவேற்கிறேன். ஆனால் குழந்தை காலியானதைப் பெற்றோருக்குச் சொல்லாமல் விட்டால், மெமரி தப்பித்தாலும் கணக்கு தப்பாகவே இருக்கும். பேக்கெட் இருப்பதாக நம்பி ஷெட்யூலர் வெறுமையைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தை எழுதிவைக்கும் வேலை எந்த மொழியிலும் மனிதர்களுக்குத்தான்.

அந்த ஒப்பந்தத்தை எழுதிவைக்க இப்போதைக்கு எனக்குத் தெரிந்த நல்ல இடம் டிடிசி, கெர்னல் மரத்திலேயே இருக்கும் டிராஃபிக் கண்ட்ரோல் சோதனைத் தொகுப்பு. ஜேசன் கோப்பில் சில டிசி கட்டளைகள், எதிர்பார்க்கும் விடை, சுத்தம் செய்யும் கட்டளைகள், அவ்வளவுதான். கோடெல் நிபந்தனையை எடுத்த அந்தத் திருத்த வரிசையோடு, எஃப்க்யூ-கோடெல்லை ஐந்து பெற்றோர்களுக்கும் கீழே வைத்துப் பார்க்கும் சோதனைகளும் வந்தன. அதேபோல மற்ற ஜோடிகளுக்கும் வேண்டும். டிக்யூவில் தானாகக் கைவிடும் ஒவ்வொரு குழந்தையையும், செயலில் உள்ள பட்டியல் வைத்திருக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் கீழே வைத்து, வரிசை காலியாகும் நொடியில் வகுப்பை மாற்றி, அழித்து, மறுபடி உருவாக்கிப் பார்க்க வேண்டும், கேசான் ஓடும் கெர்னலில். புதிய க்யூடிஸ்க் சேர்க்கும் பேட்ச் ஒன்றைப் படிக்கும்போது நான் முதலில் திறப்பது இந்த ஜேசன் கோப்பைத்தான். அதில் இந்த ஜோடிகள் இல்லாவிட்டால், கோடைப் படிக்கும் முன்பே அவற்றைக் கேட்டு எழுதுகிறேன்.